வேனுக்குள் ஒரு கட்டில்

"வேனுக்குள்ள எவனாவது கட்டில் போடுவானா?"

ராயபுரத்தில் பஸ் ஏறிய அம்மாள், உளிப்பையை மடியில் வைத்திருந்த தன் கணவரைக் கேட்டாள்.

"கப்பல்ல வண்டியோட வந்த வெள்ளக்காரன், ம்மே. ஊர் சுத்தப் போறான். பகல்ல சீட்டு, ராவுல இழுத்தா கட்டிலு, அடியில துணிப்பொட்டி. நானே செஞ்சேன்."

"சந்தோசம்தானே?"

"அளவு பாக்க என்னியே படுக்கச் சொன்னான். காலை நீட்டிப் படுத்தேன். எறங்கினவொடனே அவன் பொண்டாட்டி மெத்த உறையக் கழட்டி சோப்புத் தண்ணில போட்டுட்டா. என் கண்ணு முன்னாடியே!"

காசிமேடு தாண்டும்போது அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"உனுக்காவது நீட்ட எடம் கெடச்சுது. கண்ணாலம் கட்டிகினு வந்ததுலேர்ந்து உன் வூட்ல நான் காலை மடக்கிகினுதான்யா படுக்கிறேன்."