பாதி மூச்சு போதும்

சோளக்காடு நிறுத்தத்தில் பஸ் ஏறினால் ஜன்னலோர சீட்டைப் பெருமாயிக்குத்தான் பிடிப்பேன். மலை இறங்கும்போது அவளுக்குக் குமட்டும். பொண்டாட்டியை இப்படித் தாங்குகிறானே என்று எங்கள் அரியூர் நாட்டு ஊர்களில் என்னைக் கேலி பேசுவார்கள். உங்கள் ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான் அழைத்து வந்தேன், டாக்டரய்யா.

முதலில் குளிரில் அவள் விரல்கள் நீலம் பாரித்தன. பிறகு தோல் இறுகியது. பள்ளத்து வயலிலிருந்து ஏறி வர மூச்சு போதவில்லை. நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நுரையீரலும் இறுகுகிறது என்றீர்கள். மாதாமாதம் மருந்து ஏற்றுவோம், ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுப்போம், படத்தில் வெளுப்பு கூடியிருந்தால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம், நிறுத்திவிடலாம் என்றீர்கள்.

மருந்து ஏற ஏற அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. இனிப் பிள்ளை சந்தேகம்தான் என்று நீங்கள் சொன்னபோது, “எனக்கு மூச்சு இருந்தாப் போதுமுங்க” என்றாள். எனக்குப் போதவில்லை. ஊரில் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான் மறுத்தேன். பெருமாயி வயிற்றில் பிறந்தால்தான் எனக்குப் பிள்ளை. அந்த ஏக்கத்தில் சோறு இறங்காமல் பைத்தியக்காரன் மாதிரி திரிந்தேன்.

இரண்டாவது ஸ்கேனுக்குக் காத்திருந்த அன்று, படம் எடுக்கும் தம்பி ஒரு பெரியவரிடம் கத்திக்கொண்டிருந்தார். “மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க. அரைகுறையா இழுத்தா நுரையீரல் வெளுப்பாத் தெரியும். நோவு முத்திருச்சுன்னு டாக்டர் நெனச்சுக்குவாரு.”

பெருமாயியை ஓரமாக அழைத்துப் போனேன்.

“உள்ளே இறுகிக் கெடக்குது கண்ணு. முழுசா இழுத்தாக் கிழிஞ்சிருமாம், டாக்டர் சொன்னாரு. இழுக்கற மாதிரி காட்டிக்க. பாதி மூச்சு போதும்.”

“சரிங்க” என்றாள்.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தீர்கள். மருந்து கேட்கவில்லையம்மா என்று அவளிடம் சொன்னபோது உங்கள் முகம் வாடியிருந்தது. நீங்கள் வருத்தப்பட வேண்டாம், ஐயா. உங்கள் மருந்து நன்றாகவே கேட்டது. அந்த மாதம் அவள் எங்கும் நிற்காமல் மேட்டை ஏறினாள். பின்னால் வந்த நான்தான் பார்த்தேன்.

மருந்து நின்றதும் மாதவிலக்கு திரும்பியது. நான் நினைத்தபடியே உண்டானாள். ஏழாம் மாதம் மூச்சு முட்டியது. ஜீப்பில் என் மடியில் படுத்துக்கொண்டு வந்தாள். “நல்லா இழு கண்ணு, நல்லா இழு” என்று கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

“கிழிஞ்சிருமுங்க. புள்ளை உள்ள இருக்குது.”

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி வருவதற்குள் இரண்டு உயிரும் போய்விட்டது.

நான் சொன்னது பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் மனசு உடைந்துபோவாள். அவள் மனசு நோக நான் ஒருநாளும் நடந்ததில்லை.