அணிலுக்குக் குரல் கொடுத்தவர்

"என்ர மானத்தை வாங்கிப்போட்டாள் அக்கா."

பார்க் மெத்ரோ நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்னால் இருந்தார்கள். இளையவளின் மடியில், அணில் தொப்பி போட்ட ஐந்து வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"கார்ட்டூன் விழாவில மூண்டு மணித்தியாலம் லைனில நிண்டனான். இவள் பாக்கிற கார்ட்டூனில அணிலுக்குக் குரல் குடுக்கிற அமெரிக்க நடிகை வந்தவ."

"பிள்ளைக்குச் சந்தோசம்தானே?"

"என்ன சந்தோசம். அவ அணில் மாதிரிக் கதைச்சுக் காட்ட, இது அணில் இல்லை, பொய் எண்டு அழுறாள்."

"ஏனாம்?"

"வீட்டில பிரெஞ்சிலதானே பாக்கிறவள். பிரெஞ்சில கதைக்கிறது வேற ஆளாம். எனக்கெங்க தெரியும்."

"பாவம் அந்த மனுசி."

"அவ திரும்பவும் ரெண்டு தரம் கதைச்சுப் பாத்தவ. முந்திப் படங்களில நடிச்சவவாம். வயசு போனாப்பிறகு ஒருத்தரும் கூப்பிடுறேல்லையாம். இப்ப இந்தக் குரல் மட்டும்தான் மிச்சமெண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னவ."

"நீ என்ன சொன்னனீ?"

"அவ இங்கிலீசில இவ்வளவும் சொல்ல, எனக்கு வாயில வந்தது பிரெஞ்சில மெர்சி, நன்றி எண்டது மட்டும்தான். இவளை இழுத்துக்கொண்டு வந்திட்டன்."