வாஷிங்டனுக்குப் போன ஆள்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாசால் பகுதியில் இரண்டு கடை எனக்குச் சொந்தம். காரும் இருக்கிறது. ஆனாலும் பனி கொட்டினால் பஸ்தான். நேற்று முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும்.

“பஃபலோவில உம்மட தம்பி தூக்கித் திரிஞ்ச அமெரிக்கன் எலெக்சனில தோத்திட்டானாம்!”

“ஓம், காலமை சொன்னவன்.”

“அந்த ஆள் மாநில சபையில இருக்கேக்க, ‘உன்ர மனிசியின்ர விசா என்ர கையில இல்லை, என்னைக் காங்கிரசுக்கு அனுப்புங்கோ, பாப்பம்’ எண்டவன். உம்மட தம்பி வேலையையும் விட்டிட்டு வீடு வீடா வாக்குக் கேட்டான். ஆள் வாஷிங்டனுக்குப் போனான். என்ன கிழிச்சவன்?”

“விசா கந்தோருக்குக் கடிதம் போட்டவர்தானே.”

“போட்டார்! தம்பியின்ர மனிசி இன்னும் யாழ்ப்பாணத்தில. ஃபோன் காட் போட்டுக் கதைச்சால் பிள்ளை தேப்பனை ‘அங்கிள்’ எண்டுது!”

“கத்தாதேங்கோ, சனம் பாக்குது.”

“இனியாவது அந்த ஆளை விடச் சொல்லும். எங்க இப்ப உம்மட தம்பி?”

மனைவி யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

“அவற்ற வீட்டு வாசலில பனி வழிக்கிறான். அடுத்த முறையும் எலெக்சன் கேக்கிறாராம்.”