ஊமைக் கட்டை

— ஏன் நிப்பாட்டிப்போட்டீர், அருந்ததி? கை உளையுதோ?

— நான் நிப்பாட்டேல்லை. பாட்டுத்தான் நிக்குது. இந்த இடத்தில வலக்கை சும்மா நிக்கும், இடக்கை மாத்திரம் கீழ இறங்கும். இன்னொருக்கா வாசிக்கிறன், கேளுங்கோ.

— கந்தோர் வேலை முடிஞ்சு வந்து சப்பாத்துக்கூடக் கழட்டேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கேக்கிறனே.

— ஒரு நிமிசம்தான். இந்தா... இந்த இடம். கேட்டியளோ?

— கேட்டன், கேட்டன். வடிவாத்தான் இருக்கு. நீர் எழுதினதெல்லே?

— ஓம், பீத்தோவன்ர பாட்டைச் சுருக்கி நான் எழுதினது. சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குக் கச்சேரி பாக்கப் போனன் எல்லோ, சிஸ்ரர்மாரின்ர பள்ளிக்கூடத்துக்கு. அங்க ஒரு பிள்ளை இதை வாசிச்சுது. அதுவும் இதே இடத்தில நிண்டது.

— ஒரே பாட்டெண்டா ஒரே இடத்திலதானே நிக்கும்? இதென்ன பெரிய விசயமே?

— பீத்தோவன் அந்த இடத்தில நிக்கேல்லை, பாருங்கோ. நான்தான் நிப்பாட்டினனான். எங்கட பியானோவில அந்த இடத்தில அழுத்தவேண்டிய கறுப்புக் கட்டை ஊமை. வெள்ளவத்தைக்கு வந்த வருசமே கடற்காத்துப் பிடிச்சுச் சத்தம் செத்துப்போச்சு. சத்தம் வராத கட்டையை வைச்சுப் பிள்ளையளுக்கு என்னெண்டு பழக்கிறது? அதுதான் அதில கை படாமல் மாத்தி எழுதினனான்.

— எனக்குத் தெரியாதே? சின்னக் கையளுக்கெண்டு பெரிய சொனாட்டாவை ரெண்டு பக்கத்துக்குச் சுருக்கினீர். மாதக்கணக்கா இருந்து எழுதினீர். சோறு கறி எல்லாம் அடிப்பிடிச்சுது.

— கொட்டாஞ்சேனையில இருக்கிறது புதுப் பியானோ. எல்லாக் கட்டையும் பேசுது. அந்தப் பிள்ளை ஏன் அந்த இடத்தில நிக்கவேணும்? சும்மா கேக்கிறன்.

— ரீச்சர் அப்பிடிச் சொல்லிக் குடுத்திருப்பா.

— ரீச்சர் என்ன சொன்னா தெரியுமோ? இந்த மௌனம்தான் இந்தப் பாட்டின்ர உயிராம். அழுகை தொண்டையில அடைக்கிற இடமாம். சபை முழுக்கக் கை தட்டினது. உப்புக்காத்துக்கு வந்த மரியாதையைப் பாருங்கோ.

— ஓல் ரைட், இப்ப விளங்குது. இது அந்த ஹெக்டரின்ர வேலை.

— பியானோ ரியூன் பண்ண வாற ஹெக்டரோ?

— வேற ஆர்? நீர் எழுதின தாளெல்லாத்தையும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து பாத்தவன் அவன் ஒருத்தன்தானே. பாத்து எழுதிக்கொண்டு போய் ஆருக்கோ குடுத்திருக்கிறான். நான் அப்பவே நினைச்சனான்.

— நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஞாயிற்றுக்கிழமை வந்த மனுசனை வாசலிலயே வைச்சுக் கள்ளன் எண்டு பேசிக் கலைச்சன். அந்தாள் தொப்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டது. நீங்கள் உந்தக் கதிரையில இருந்து பேப்பர் படிச்சனீங்கள்.

— உம்மட கோவத்துக்கு நடுவில நான் என்னத்தைச் சொல்லுறது?

— ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சரி, விடுங்கோ. ஹெக்டர் களவெடுத்தவர் எண்டே வைப்பம். இந்தப் புத்தகத்தைப் பாருங்கோ. கோட்டையில மியூசிக் விக்கிற கடையில வாங்கினனான். அட்டையில ஆற்றை பேர் கிடக்குது?

— கண்ணாடி எங்கயோ வைச்சிட்டன்.

— நெத்தியில கிடக்குது. வாசியுங்கோ.

— யுத்த நிதிக்காக எண்டு போட்டிருக்கு.

— அதுக்குக் கீழ.

— சுருக்கி அமைத்தவர்... எங்கட கந்தோர்ப் பெரிய துரையின்ர மனுசி.

— துரைசாணிக்கும் ஹெக்டருக்கும் என்ன பழக்கம்? சும்மா கேக்கிறன்.

— அருந்ததி, கொஞ்சம் பொறும். ஒழுங்கா விளங்கப்படுத்திறன்.

— முதல்ல கறையானை விளங்கப்படுத்துங்கோ.

— என்ன கறையான்?

— போன மாரிக்கு என்ர தாளெல்லாத்தையும் கறையான் அரிச்சுப்போட்டுது, அள்ளிக் கொட்டிப்போட்டன் எண்டு சொன்னனீங்கள். மறந்துபோச்சோ? நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதனான். கலியாணம் கட்டின நாளில இருந்து அடுப்படிப் பக்கம் வராத மனுசன், அண்டைக்குக் கோப்பி போட்டுக்கொண்டு வந்து தந்தனீங்கள். சீனி கூடிப்போச்சு. எண்டாலும் ஒரு சொட்டு விடாமல் குடிச்சனான். எனக்கு வாய்ச்ச மனுசனைப்போல ஆருக்கு வாய்ச்சது எண்டு அக்காவுக்குக்கூடச் சொன்னனான்.

— அருந்ததி...

— கறையான் அரிச்ச தாள் என்னெண்டு புத்தகமா வந்தது? சும்மா கேக்கிறன்.

— சொல்லுறன். எல்லாத்தையும் சொல்லுறன். ஒரு நாள் துரை பங்களாவுக்கு பைல் ஒண்டு கொண்டுபோனன். துரைசாணி பியானோவில இருந்தா. என்ர வாய் சும்மா இருக்கேல்லை, வீட்டில இப்பிடித் தாளுகள் கிடக்கு எண்டு சொல்லிப்போட்டன். ஒருக்காக் காட்டும் எண்டா. பாக்கத்தான் குடுத்தனான்.

— என்னட்டைக் கேட்டிட்டுக் குடுத்திருக்கலாமே.

— கேட்டா நீர் விடுவீரே? ஒரு நாளைக்கு உம்மட பேரில அச்சடிக்கவேணும் எண்டு பொத்திப் பொத்தி வைச்சிருந்தீர்.

— ஓம். நான் உங்களிட்டைக் கேட்டது அது ஒண்டுதான். நகை கேக்கேல்லை. சீலை கேக்கேல்லை. அட்டையில சின்னனா ஒரு பேர்.

— அவ திருப்பித் தருவா எண்டுதான் இருந்தன். அச்சடிச்சுக்கொண்டு வந்து முன்னால வைச்சா. வெள்ளைக்காரியைப் பாத்து இது என்ர மனுசியின்ர எண்டு நான் என்னெண்டு கேக்கிறது? சீஃப் கிளாக் வேலை கிடைச்ச புதுசு.

— அந்த வேலை கறையானுக்கு முன்னம் வந்ததோ, பின்னம் வந்ததோ?

— பின்னம். ஆனா அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவதான் கள்ளி, அருந்ததி. உம்மைப்போல நானும் ஏமாந்தவன். உம்மட பேரை அவவுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்! எழுதினது அருந்ததி எண்டு எழுத்துக் கூட்டிக்கூடச் சொன்னனான்.

— உண்மையாவோ?

— பிள்ளையாரறியச் சொல்லுறன்.

— பிள்ளையாரை விடுங்கோ, பாவம். நான் இண்டைக்குக் காலமை கறுவாத்தோட்டத்துக்குப் போனனான்.

— எங்க?

— துரைசாணியிட்டை. இந்தப் புத்தகத்தையும் கொண்டு.

— உமக்கென்ன விசரோ? என்ர வேலை! துரைக்குத் தெரிஞ்சா என்ர வேலை என்னாகும்?

— பயப்பிடாதேங்கோ, உங்கட வேலை பத்திரமா இருக்கு. சண்டை பிடிக்கத்தான் போனனான். பேச வேண்டிய இங்கிலீசையெல்லாம் றிக்சோவில இருந்து பாடமாக்கிக்கொண்டு போனனான். ஆனா நல்ல மனுசி. கூப்பிட்டுக் கதிரை தந்தா. புத்தகத்தைக் கண்டதும் அவவுக்குக் கண் கலங்கிப்போச்சு.

— கண் கலங்கினதோ? ஏன்?

— நானும் அதைத்தான் யோசிச்சன். உள்ள முதல் பக்கத்தை வாசிச்சீரோ எண்டு கேட்டா. அட்டையில அவவின்ர பேரைக் கண்ட கோவத்தில நான் அதைப் பாக்கேல்லை. திருப்பிக் காட்டினா. காலஞ்சென்ற ஒரு தமிழ்ப் பெண்மணியின் நினைவுக்கு எண்டு கிடக்குது.

— அருந்ததி, அது வந்து...

— மனுசி நெருப்புக்காய்ச்சலில செத்துப்போச்சு எண்டு சொன்னனீங்களாம். அவ என்ர பேரைப் போடத்தான் கேட்டவவாம். எங்கட வழக்கத்தில செத்த பொம்பிளையின்ர பேரை அச்சில போடக்கூடாது எண்டு நீங்கள்தான் மறிச்சனீங்களாம். அதுதான் வேற வழியில்லாமல் தன்ர பேரைப் போட்டவவாம். எனக்கு முன்னால இருந்து எனக்காக அழுதா, பாருங்கோ.

— உயிரோட இருக்கிறீர் எண்டா உம்மட சம்மதம் கேட்டிருப்பா. நீர் மாட்டன் எண்டிருப்பீர். நான் வேற என்ன செய்ய?

— மனுசியைப் பறிகுடுத்தும் ஒரு நாள் பிந்தாமல் கந்தோருக்கு வந்தவர் எண்டு துரைக்குச் சரியான இரக்கமாம். அதிலதான் அந்த வேலையைத் தந்தவராம்.

— என்னைப் பாரும், அருந்ததி. பியானோவைப் பாத்துக்கொண்டு கதையாதையும்.

— திரும்பி வரேக்க ஹெக்டர் வீட்டு வாசலில இறங்கி மன்னிப்புக் கேட்டனான். அந்தாளுக்கும் உங்கட பேரைச் சொல்லேல்லை.

— துரைசாணிக்கு? நீர் ஆரெண்டு சொன்னீர்?

— அவவும் அதைத்தான் கேட்டா. மிஸ்டர் பாலசுந்தரத்துக்கு நீர் என்ன முறை எண்டு.

— சொல்லுமன்! என்ன சொன்னீர்?

— ரெண்டாந்தாரம் எண்டு சொன்னன். நீரும் பியானோ வாசிப்பீரோ எண்டு கேட்டா. இல்லை, செத்துப்போன மூத்தவதான் வாசிக்கிறவ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.