கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சோந்தி

மேலாளர்: ...திரும்பச் சொல்றேன். பூங்காவப் பார்வையிட வர்ற அதிகாரி கேட்டா, பச்சோந்தி உள்ளதான் இருக்குன்னு சொல்லு.

பராமரிப்பாளர்: காலிப் பெட்டியக் காட்டியா சார்?

மேலாளர்: அதான் இத்தனை இலை இருக்கே! இலையோட இலையா ஒளிஞ்சிருக்குன்னு சொல்லும்மா.

பராமரிப்பாளர்: பூட்டின பெட்டியிலேர்ந்து எப்படி சார் காணாமப் போச்சு?

மேலாளர்: நீ சரியாப் பூட்டலன்னு மேல எழுதிப் போடவா? வேலை நிரந்தரமாகணுமா, வேணாமா? ...வந்துட்டார். வாங்கய்யா, வாங்க! பூங்காவுல பாம்பு, பல்லியெல்லாம் உங்க வரவுக்குத்தான் காத்துக் கிடக்குது!

அதிகாரி: இதானா? ...ஆகா, என்னமா உக்காந்திருக்கு!

மேலாளர்: ஐயா கண்ணுன்னா கண்ணு!

பராமரிப்பாளர்: எந்தக் கிளையில சார்?

மேலாளர்: ஏம்மா...

அதிகாரி: அதோ, மேல... நகந்துடுச்சு. சரி, இது எப்படி வேட்டையாடும்?

பராமரிப்பாளர்: காத்துல ஆடுற இலையாட்டம் ஆடி ஆடிப் போகும். ரெண்டு கண்ணும் தனித்தனியாச் சுத்தும். பூச்சி அசைஞ்சா ரெண்டும் ஒரே பக்கம் திரும்பும். அப்புறம் நாக்கு... உடம்ப விட நீளம். நீங்க கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள பூச்சி வாய்க்குள்ள.

மேலாளர்: ஐயா மாதிரியே சுறுசுறுப்பு!

அதிகாரி: செத்த பூச்சியத் தட்டுல வெச்சா?

பராமரிப்பாளர்: தொடாது.

அதிகாரி: ஓகோ... கிண்ணத்துல தண்ணி?

பராமரிப்பாளர்: இலைமேல தெளிக்கணும். சொட்டுச் சொட்டா நக்கும்.

மேலாளர்: ஐயா, டீ சொல்லவா?

அதிகாரி: சும்மா இருய்யா. ஏம்மா, சிவப்புத் துணியில விட்டா சிவப்பாகணும்ல? கருகருன்னே கிடக்குதே...

பராமரிப்பாளர்: கிடக்குதா?

அதிகாரி: கிடந்தா... ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

பராமரிப்பாளர்: துணியப் பாத்தெல்லாம் மாறாது சார். பயந்தா, குளிர்ந்தா, கோவம் வந்தா மாறும். ஆளுக்கு ஆள் நிறம் மாத்துறது நம்ம மனுஷ ஜாதிதான்.

மேலாளர்: வாயப் பாரு!

அதிகாரி: விடுய்யா. பகல்லயும் கண்ண மூடியே இருந்தா என்னம்மா அர்த்தம்?

பராமரிப்பாளர்: சாகப் போகுதுன்னு அர்த்தம்.

அதிகாரி: ஐயையோ...

மேலாளர்: ஐயாவுக்கு நேரமாச்சு, நீ உள்ள போ!

பராமரிப்பாளர்: வேலை போனாப் போகுது, போங்க. சார், வண்டிய எடுக்கச் சொல்லுங்க. கூண்டும் உயிர்ப் பூச்சியும் எடுத்துட்டு நானே உங்க வீட்டுக்கு வர்றேன். ஏன் சார் மேலாளரே... இவருக்கு அன்பளிப்பாத் தூக்கிக் குடுத்தீங்களே, அது என்ன திங்கும்னாச்சும் என்கிட்டக் கேட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?