ஏழரை மில்லி

எனக்குச் சிறு வயதிலிருந்தே கணக்கு வராது. அதனால்தான் கணக்கு வாத்தியார் ஆனேன். கணக்கு வருகிறவர்கள் டாக்டராகவோ நர்ஸாகவோ போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது நாங்கள்தான்.

நடந்ததை வரிசையாக எழுதித் தரும்படி கல்லூரியின் விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. எழுதுகிறேன். என் பெயர் குவாபெனா ஓடுரோ. டெச்சிமான் ஊரில் லாரி நிலையத்துக்குப் பின்னால், தையல்கடை மாடியில், நர்ஸிங் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு வகுப்பு நடத்துகிறேன். வாசல் பலகையில் ‘மருந்தளவுக் கணக்குச் சிங்கம்’ என்று இருக்கும். கூடவே பெயின்டர் ஒரு சிங்கமும் வரைந்து கொடுத்தான். பார்த்தால் ஆடு மாதிரி இருக்கும். அவன் ஆளைப் பார்த்ததும் எடைபோடத் தெரிந்தவன் என்று நானும் அதை மாற்றச் சொல்லவில்லை.

அபேனா ஃபோசுவா என்னிடம் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. மருந்துக் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். நர்ஸுகள் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் கடிகாரத்தை இப்போதே வாங்கிக் குத்தியிருந்தாள். முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் கல்லூரியில் விண்ணப்பமே எடுக்க மாட்டார்கள்.

“நாலு தடவ எழுதலாம் சார். நாலுல ஒண்ணு கெடைக்காமயா போயிடும்?” என்றாள்.

இரண்டாவது வாரம் பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். குழந்தையின் எடை பன்னிரண்டு கிலோ. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து. சிரப்பில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லி கொடுக்க வேண்டும்? நான் கம்பீரமாக மேலே இருக்க வேண்டியதைக் கீழே போட்டு, மூன்றேகால் சொச்சம் என்று எழுதிக் கோடும் கிழித்துவிட்டேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஃபோசுவா எழுந்தாள். “நாங்க கவனிக்கிறோமான்னு பாக்கத்தானே சார் தலைகீழாப் போட்டீங்க? ஏழரை மில்லிதானே வரும்?”

“பரவாயில்லையே, ஒருத்தியாவது முழிச்சிட்டிருக்கா” என்றேன். சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

அவள் கற்பித்தால் மண்டையில் ஏறும். தக்காளிக் கூடையையும் தண்ணீர்ப் பாக்கெட்டையும் வைத்தே விகிதம் சொல்லிவிடுவாள். “அக்கா, நீங்க ஒருநாள் லீவு போட்டாலும் சார் எங்கள வரலாறு படிக்க வச்சிடுறாரு” என்று பிள்ளைகள் என் காதுபடவே கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உண்மையைச் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்.

இனி தொலைபேசி எண் விஷயம். எங்கள் ஊரில் விண்ணப்பத்தை வாத்தியார்தான் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து நிரப்புவார். பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள் என்பதால் எல்லா விண்ணப்பத்திலும் என் எண்ணைத்தான் போடுவேன். தேர்ச்சியும் நேர்காணல் தேதியும் என் செல்லுக்குத்தான் வரும். வந்த அன்றே உரியவரிடம் சொல்லிவிடுவேன். இதில் நான் மிகவும் கண்டிப்பானவன்.

முதல் வருடம் ஃபோசுவாவுக்கான செய்தி வந்தபோது அவள் பலகையில் ஊசி மருந்துக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பு முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பாடம் முடியட்டும் என்று நினைத்தேன். பாடம் முடிவதற்குள் நேர்காணல் முடிந்துவிட்டது. செய்தியை அழித்தேன். “கணக்குல போயிடுச்சும்மா” என்றேன். ஆங்கிலத்தில் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அவசரத்தில் எனக்குத் தெரிந்த பலவீனம்தான் வாயில் வந்தது.

அந்த வருடம் அவள் கற்பித்த பத்தொன்பது பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள். மறுவருடம் இருபத்தாறு. ஒருத்தி வெளியே நின்றால் இருபத்தாறு பேர் உள்ளே போகிறார்கள். மருந்துக் கணக்கில் இதற்கு விகிதம் என்று பெயர். இந்த ஒரு கணக்கை மட்டும் நான் யார் உதவியும் இல்லாமல் போட்டேன்.

இரண்டாவது முறையும் ‘தோற்ற’ பிறகு அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “எங்க தப்புப் பண்றேன்னு எனக்கே புரியல சார். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

நான் பார்த்தேன். எது சரி, எது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? நாலைந்து கணக்குகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தேன். அவள் அவற்றை வேறு வேறு வழிகளில் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் அதே விடை வந்தது. “மன்னிச்சிடுங்க சார், எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது” என்றாள். பொறுமையாக இருக்கச் சொன்னேன்.

மூன்றாம் வருடம் மருந்துக் கடை வேலையை விட்டுவிட்டாள். “கணக்குல ஃபெயிலாகுறவ எந்த தைரியத்துல சார் ஒரு கொழந்தைக்கு மருந்து அளந்து குடுக்கறது?” என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது. காலை வகுப்புக்கும் அவள் கிடைத்தாள்.

நாலாம் வருடச் செய்தியையும் அழித்தேன். மார்ச் மாதம் அவளுக்கு முப்பத்தாறு ஆனது. எண்ணெயில் பொரித்த போஃப்ரோட் உருண்டைகள் வாங்கி வந்து வகுப்புக்கே கொடுத்தாள். நானும் இரண்டு தின்றேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் கல்லூரியில் மாணவர் சேர்க்கையைக் கவனிக்கும் அயம்கா மேடம் வந்தார். பின்பெஞ்சில் உட்கார்ந்து ஃபோசுவா பாடம் நடத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இங்க அபேனா ஃபோசுவா யாரு?”

“நான்தான் மேடம்.”

“நாலு வருஷமாக் கூப்பிடுறோம், ஒரு நேர்காணலுக்குக்கூட வரலியே. எங்க காலேஜ் மேல அப்படி என்னம்மா கோவம்?”

பிள்ளைகள் சிரித்தார்கள். ஃபோசுவாவும் சிரித்தாள். “அது வேற யாராவது இருக்கும் மேடம். நான் கணக்குல ஃபெயிலு.”

மேடம் பையிலிருந்து தாளை எடுத்தார். “ஃபெயிலா? கணக்குல நாப்பதுக்கு நாப்பது. நாலு வருஷமும். அதனாலதான் யாருன்னு பாத்துட்டுப் போகலாம்னு நானே கெளம்பி வந்தேன்.”

ஃபோசுவா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கீழே லாரியில் சேனைக்கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. பலகைப் பக்கம் திரும்பி, தான் போட்டு வைத்திருந்த கணக்கை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள்.

“அப்ப இது சரிதானா?” என்று கேட்டாள். என்னிடம் இல்லை, மேடத்திடம்.

“சரிதாம்மா.”

அப்போதுதான் அழுதாள். வயது வரம்பைப் பற்றி மேடம் ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

நாலு செய்திகளையும் அழித்தது நான்தான். யாரும் தூண்டவில்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு முன் குழுவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவள் இனி கல்லூரியில் சேர முடியாது. மருந்துக் கடை வேலையும் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பிழைப்பு வேண்டும் அல்லவா? என் வகுப்பில் அவளுக்கு எப்போதும் இடம் உண்டு என்றும், நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றும் நீங்கள்தான் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டேன் என்கிறாள். திங்கட்கிழமை குளுக்கோஸ் சொட்டுக் கணக்கு ஆரம்பிக்க வேண்டும். பிள்ளைகள் நாற்பது பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அது தெரியாது.