வரிச்சிட்டுக்கு எழுப்பும் சுவர்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல் அமர்ந்திருக்கும் குளப் பாதுகாப்புக் குழுத் தலைவி அவர்களே! கைக்கடிகாரத்தை மேசைமீது கழற்றி வைத்துவிட்டு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்க்கும் செயலாளர் அவர்களே! முதுகு வலித்தாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத பெரியோர்களே! மடியில் குழந்தையும் மனத்தில் அடுப்புமாக வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் தூணுக்கொருவராகச் சாய்ந்து நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! அனைவரையும் வணங்குகிறேன்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். வந்து, உட்கார்ந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். வாழ்த்து வாய்க்கு வரவில்லை. இன்னும் அரைமணி நேரத்தில் நீங்கள் கைதூக்கி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றப் போகிறீர்கள். கடலிலிருந்து நம் குளத்துக்கு வரும் கால்வாயின் வாயில் சுவர் எழுப்பும் தீர்மானம். எதற்குச் சுவர்? நம் வரிச்சிட்டு மீனைக் காப்பதற்கு. யாரிடமிருந்து காப்பதற்கு? ஆண்டுதோறும் கடலிலிருந்து ஏறிவந்து, கரையோர மர வேர்களுக்கிடையே புகுந்து, குட்டி மீன்களைக் கடித்துக் குதறுகிற போக்கிரி மீனிடமிருந்து.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் அந்தக் கையைத் தூக்குவதற்கு முன் நான் சொல்வதைக் கேளுங்கள்.

வரிச்சிட்டு என்றால் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? விரல் நீளம், வெள்ளி வயிறு, முதுகிலிருந்து இறங்கும் கறுப்பு வரிகள், நில்லாமல் துள்ளும் வால்! பேருந்து நிலையச் சுவரில் அது நீந்துகிறது. பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் அது நீந்துகிறது. நம் கால்பந்து அணிக்கே அதுதான் பெயர். உலகில் வேறெங்கும் இல்லாத மீன், நம் குளத்தில் மட்டுமே வாழும் மீன் என்று ஒரு பேராசிரியர் முன்னொரு காலத்தில் எழுதி வைத்தார். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு இந்தக் குளத்தையே மீட்டவர் உங்கள் தலைவி. குளத்தைத் தூர்த்துப் பேருந்துப் பணிமனை கட்ட வந்தார்களே, நினைவிருக்கிறதா? ஓவிய ஆசிரியையாக இருந்தவர் சுவர்சுவராக அந்த மீனை வரைந்தார், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார், அவமானப்பட்டார், அசரவில்லை. அவர் எனக்கு உறவு என்பதால் புகழவில்லை. உறவு என்பதால்தான் இத்தனை நாள் புகழாமல் இருந்தேன்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். ஒப்பீட்டு விலங்கியல் என்பது என் துறை. ஒரு விலங்கை இன்னொரு விலங்கின் பக்கத்தில் வைத்து, எலும்புக்கு எலும்பு, பல்லுக்குப் பல், பருவத்துக்குப் பருவம் பார்க்கிற வேலை. எப்போது பிறக்கிறது, எவ்வளவு வளர்கிறது, எப்போது முட்டையிடுகிறது, எப்படிச் சாகிறது என்று ஒவ்வோர் உயிரின் வாழ்க்கையையும் பின்தொடர்கிற வேலை. பத்திரிகை நிருபர் ஒருவர் கேட்டார், "இதுல என்ன மேடம் பயன்?" நான் சொன்னேன், "ஒரு கேள்வியைத் தப்பா கேட்டுட்டு இருக்கோம்னு தெரிஞ்சுக்கலாம்." அவர் அதை அச்சிடவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். வரிச்சிட்டைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்பவள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேகம். தேநீர் கொடுத்தால்கூட இது தேநீர்தானா என்று கேட்பாள். ஒருநாள் என் அறைக்குள் கதவைத் தட்டாமல் வந்தாள்.

"மேடம், ஒரு வரிச்சிட்டு கூட சினையா இல்லையே?"

"பருவம் தப்பியிருக்கும்."

"எல்லாப் பருவத்திலயும் பார்த்தாச்சு மேடம். மியூசியத்துல இருக்கிற பழைய ஜாடியெல்லாம் திறந்தாச்சு. ஒண்ணுலயும் முட்டை இல்லை. ஆணுக்கும் ஒண்ணும் முதிரலை. இது எப்படித்தான் குட்டி போடுது?"

"அரிய மீன். கண்ணுல படாம போடுது."

"படிச்சவங்க பேசுற பேச்சா மேடம் இது?"

சிரிக்காதீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. முட்டையிடாத ஓர் இனம் எப்படி இருக்க முடியும்? பிள்ளை பெறாத பரம்பரை ஒன்று எப்படித் தொடர முடியும்? தலைமுறை தலைமுறையாக எல்லோரும் பார்த்த மீன். அதன் தாயை மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை!

பிடித்துவந்த வரிச்சிட்டுகளைக் கண்ணாடித் தொட்டியில் விட்டாள். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கூட்டினாள், கால்வாய் வழியே கடலை நோக்கிப் போனால் எப்படிக் கூடுமோ அப்படி. மாதங்கள் போயின. மீன்கள் தின்றன, வளர்ந்தன, பெருத்தன. வரிகள் வெளுத்தன. தாடை நீண்டது. தலை கறுத்தது. தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் விடுப்பில் போய்விட்டுத் திரும்பிவந்தவர், ஒரே கூச்சல்.

"மேடம்! யாரோ மீனை மாத்திட்டாங்க! வரிச்சிட்டுத் தொட்டியில போக்கிரிய விட்டு வெச்சிருக்காங்க! இந்தப் பொண்ணுதான் தூக்கிட்டுப் போய் எங்கயோ வறுத்துத் தின்னுடுச்சு!"

"அண்ணே, சத்தியமா இது அதே மீன்தான்."

"ஏம்மா, நான் என்ன கண்ணு தெரியாதவனா? என் பையனுக்கு மீசை முளைச்சா எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அவரே தொட்டிக்குக் கிட்டே போய்க் குனிந்தார். மறுபடி தொட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நம்பினேனா? இல்லை. நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. என் திருமணத்தையே ஓராண்டு தள்ளிப் போட்டவள். மீன் மாறியிருக்கலாம், தொட்டி மாறியிருக்கலாம் என்று சண்டை பிடித்தேன். புதிதாக மீன் பிடித்துவந்து, ஒவ்வொன்றின் வாலோரத்திலும் அடையாளமாக ஒரு சிறு வெட்டு போட்டு, அறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். வளர்ந்த போக்கிரிகளின் வாலோரத்தில் அதே வெட்டு இருந்தது. சிறிய மீனின் முதுகெலும்புக் கணுக்களையும் பெரிய மீனின் கணுக்களையும் எண்ணினோம், எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தது. மீனின் காதுக்குள் கடுகளவு ஒரு கல் உண்டு. அது மரத்தைப் போல வளையம் வளையமாக வளரும். கடலில் பிடித்த போக்கிரியின் காதுக் கல்லை அறுத்துப் பார்த்தோம். வெளி வளையங்கள் கடல் நீரில் வளர்ந்தவை. உள்ளே, நட்டநடுவே, உப்புக் குறைந்த குளத்து நீரில் வளர்ந்த வளையங்கள்!

அவையோரே! வரிச்சிட்டு என்று ஓர் இனம் இல்லை. அது போக்கிரி மீனின் பிள்ளைப்பருவம்.

அமைதியாக இருங்கள். என்ன தம்பி? அணிக்கு என்ன பெயர் வைப்பது என்கிறீர்களா? போக்கிரி என்றே வையுங்கள், எதிரணி பயப்படட்டும்.

பெயர் வைத்த பேராசிரியரைப் பழிக்காதீர்கள். தலைப்பிரட்டையைப் பார்த்துத் தவளை என்று யாருக்குத் தோன்றும்? கம்பளிப் புழுவைப் பார்த்துச் சிறகு என்று யாருக்குத் தோன்றும்? கண்ணாடி இலை போன்ற விலாங்குக் குஞ்சை வேறொரு மீன் என்றே அறிவியல் வெகுகாலம் நம்பியிருந்தது. ஜாடிக்குள் வைத்துப் பார்க்கிற எங்களுக்கு மட்டுமே வாய்க்கிற தவறு இது. ஜாடியில் போட்ட மீன் வளராது அல்லவா?

சரி, அது ஜாடியோடு போகட்டும். இந்தச் சுவர் எதோடு போகும்?

கடலிலிருந்து போக்கிரி ஏன் ஏறி வருகிறது? குளத்து வேர்களில் முட்டையிட வருகிறது. குஞ்சுகள் ஏன் குளத்தில் இருக்கின்றன? வளர இருக்கின்றன. வளர்ந்தபின் எங்கே போகின்றன? கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகின்றன. அந்தக் கால்வாயின் வாயில் சுவர் கட்டப் போகிறோம்! பிள்ளைகளைக் காப்பதாக நினைத்து, பெற்றவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தப் போகிறோம்!

யாரது? பின்னாலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார், "போக்கிரி வயித்தைக் கிழிச்சா உள்ள வரிச்சிட்டு இருந்துச்சே, நானே பார்த்தேனே?" பார்த்திருப்பீர்கள் அண்ணா. உண்மை. அது தன் குஞ்சுகளையும் தின்னும், அடுத்தவள் குஞ்சுகளையும் தின்னும். தாய் என்றவுடன் கண்ணைத் துடைக்கத் தயாராகாதீர்கள், தாய்மார்களே. நம் பாசத்தை நான் அந்த மீனுக்குள் ஊற்ற மாட்டேன். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, பலவற்றை இழந்து, சிலவற்றை மிஞ்சவிடுவது அதன் வாழ்க்கை. நமக்கு அழகாக இல்லை. ஆனாலும் அது தொடர்கிறது.

இதைத் தலைவி அவர்களிடம் முன்பே சொன்னேனா என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுச் சமையலறையில், அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். உங்கள் தலைவி என் அண்ணன் மனைவி.

"அண்ணி, சுவர் வேண்டாம். கட்டினா மீன் இல்லாம போயிடும்."

"மீனே இல்லைன்னு நீதானடி இப்ப சொன்ன!"

"இனம்தான் இல்லை. மீன் இருக்கு."

"இதைப் போய் ஊர்ல சொல்லு, காறித் துப்புவாங்க. பணிமனைக்காரன் காத்துக்கிட்டு இருக்கான். அரிய மீன் இல்லைன்னு ஒரு வார்த்தை வெளிய வந்தா மறுநாளே மண்ணு லாரி வரும். பத்து வருஷம் செருப்பு தேய நடந்தவ நானு. உனக்கென்ன, மைக்ராஸ்கோப்ல கண்ண வெச்சா சாயந்திரம் ஆயிடும்."

"அதுக்காகப் பொய்யா சொல்ல முடியும்?"

"சொல்லவே வேணாங்கறேன். வாழ்த்திட்டு இறங்கு. தீர்மானம் முடியட்டும். அப்புறம் எழுது, என்ன வேணா எழுது."

வெங்காயம் இருவர் கண்ணிலும் தண்ணீர் வரவைத்தது. அது வெங்காயம்தானா என்று சந்தேகம் என்ற அந்தப் பெண் இருந்தால் கேட்டிருப்பாள்.

மணி அடிக்கிறீர்கள் செயலாளர் அவர்களே. நேரம் முடிந்தது, தெரியும். இன்னும் கொஞ்சம்.

அண்ணியின் அச்சம் வெறும் அச்சம் அல்ல. இந்தப் பேச்சு நாளைக்குப் பணிமனைக்காரர்கள் கையில் ஆயுதமாகலாம். அரிய இனம் என்ற ஒரு பெயருக்காகக் குளத்தைக் காத்த சட்டம், ஒரு பிள்ளைப்பருவத்துக்காகக் காக்குமா? எனக்குத் தெரியாது. காக்கும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்க எனக்கு மனம் இல்லை. அந்தத் தெரியாமைதான் என்னை இந்த மேடையில் உட்கார விடாமல் எழுப்பி எழுப்பி விட்டது.

ஆனால் சுவர் கட்டினால் என்ன நடக்கும் என்று தெரியும். முதலாண்டில் கொண்டாடுவோம். தின்ன வந்த போக்கிரி இல்லை. குளம் நிறைய வரிச்சிட்டு. படம் எடுப்போம், பாட்டுப் பாடுவோம். அதற்குள் அவை வளரத் தொடங்கும். வெளியேற வழி தேடும். சுவரில் முட்டும். கடல் நீர் கிடைக்காமல், முதிராமல், முட்டையிடாமல் கிழடாகும். கடைசி வரிச்சிட்டு சாகிற நாளில், வரைந்த சுவர்களில் எல்லாம் மீன் இருக்கும். அது நீந்திய குளத்தில் இருக்காது. நான் சொல்வது தவறாக இருந்து, நீங்கள் சுவர் கட்டாமல் விட்டால் என்ன நட்டம்? இதுவரை தின்றதைப் போக்கிரி இன்னும் தின்னும், அவ்வளவுதான். நான் சொல்வது சரியாக இருந்து, நீங்கள் சுவர் கட்டிவிட்டால்? எந்த ஓவியர் வந்து அதை மீட்பார்? எந்த ஊர்வலம் அதைத் திருப்பும்? எந்தத் தீர்மானம் செத்த மீனை நீந்த வைக்கும்?

உங்களிடமிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்குத் தருவது என்ன? ஒரு முழு வாழ்க்கை. வேரில் பிறந்து, குளத்தில் விளையாடி, கால்வாயில் நிறம் மாறி, கடலில் பெருத்து, பிறந்த வேரையே தேடித் திரும்பி வரும் வாழ்க்கை. அதன் முதல் அத்தியாயம் நம் ஊரில் நடக்கிறது. இந்தப் பக்கக் கடலில் உள்ள ஒவ்வொரு போக்கிரியும் இந்தக் குளத்தில் பள்ளிக்கூடம் போனதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அதை இன்னும் ஆராயவில்லை. இதற்குக் குளம் வேண்டாமா? இதற்குக் கால்வாய் வேண்டாமா?

தலைவி அவர்கள் எழுகிறார். கேள்வி கேட்க வேண்டும் என்கிறார். கேளுங்கள்.

"கால்வாயத் திறந்தே விட்டா, போனதெல்லாம் திரும்பி வருமா?"

எல்லாம் வராது. எத்தனை வரும் என்று தெரியாது. அடைத்தால் ஒன்றும் வராது.

"பணிமனைக்காரன் வந்தா நீ வந்து நிப்பியா? இல்ல, தெரியாது தெரியாதுன்னு சொல்லிட்டு நிப்பியா?"

இரண்டையும் செய்வேன் அண்ணி. வந்து நிற்பேன், தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன்.

சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. செயலாளரிடமிருந்து தீர்மானத் தாளை வாங்குகிறார். கிழிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். நான்காக மடிக்கிறார்.

"இன்னிக்கு இது வேணாம். நாளைக்குக் காலைல எனக்கு அந்தத் தொட்டியக் காட்டு. என் கண்ணால பார்க்கணும். வால் வெட்டையும் பார்க்கணும். பார்த்துட்டு நான் சொல்றேன், சுவரா இல்லையான்னு."

அவையோரே, என் துறையில் இதைவிட நல்ல பதில் கிடையாது. கேட்டு நம்பாமல் கண்ணால் பார்க்கிறேன் என்கிறார். நாளைக் காலை ஆய்வுக்கூடத்தின் கதவு அவருக்கும் உங்களில் யாருக்கும் திறந்திருக்கும். ஊழியர் அண்ணன் கூச்சலிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைதூக்க வந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. மணியை இரண்டாம் முறை அடிக்காமல் இருந்த செயலாளருக்கு நன்றி. வேண்டாம் என்று சொல்லியும் இந்த ஒலிபெருக்கியை என் கையிலிருந்து பிடுங்காத தலைவி அவர்களுக்கு, சொல்லத் தெரியாத நன்றி. வாழ்த்துரை வழங்க வந்தவள் வாழ்த்தாமல் இறங்குகிறேன், எல்லோருக்கும் வணக்கம்.